சுண்டுவிரல் நுனியில் ஒரு சுருட்டு: நான்சாங்கில் திரும்பிய குழந்தைகள், இத்தாலியில் திரும்பாத குழந்தைகள்

என் சித்தி மகளுக்கு அப்போது 33 வாரம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள். குழந்தையின் தலை மேலே, பிட்டம் கீழே. மருத்துவமனைச் சீட்டில் ‘பிரீச்’ என்று ஒற்றைச் சொல். அன்று இரவே போன்.

“அண்ணா, கால் சுண்டுவிரல்கிட்ட ஒரு மூலிகைச் சுருட்டைக் கொளுத்திக் காட்டினா பிள்ளை தலை திரும்பிருமாம். சைனா வைத்தியமாம். ஆன்லைன்ல கிடைக்குது. ஆர்டர் போடட்டா?”

“கொஞ்சம் பொறு, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றேன்.

நான் மருத்துவன் இல்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பிரித்துப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். கால் விரலில் சூடு காட்டினால் கருப்பையில் குழந்தை திரும்பும் என்பதைச் சிரித்துக்கொண்டே தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்த கட்டுரையே சிரிப்பை நிறுத்தியது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில், 1998 நவம்பரில் வந்தது. மாக்ஸா, அதாவது அந்த மூலிகைச் சுருட்டு, காட்டிய பெண்களில் நூற்றுக்கு 75 பேருக்குக் குழந்தை திரும்பியிருந்தது, காட்டாதவர்களில் 48 பேருக்கு. அடுத்து கிடைத்தது 2005-இல் வந்த இன்னொரு கட்டுரை. முதல் ஆசிரியர் அதே ஆள், விரலும் அதே விரல், மூலிகையும் அதே மூலிகை. இந்த முறை மாக்ஸா காட்டியவர்களில் 34, காட்டாதவர்களில் 36.

முதல் ஆய்வு நடந்தது சீனாவில், இரண்டாவது இத்தாலியில். இடையில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சுருட்டு

சீன மொழியில் அக்குபங்சருக்கு ‘ஜென்ஜியோ’ என்று பெயர். ஜென் என்றால் ஊசி, ஜியோ என்றால் நெருப்பால் சுடுவது. பெயரிலேயே இரண்டும் சரிபாதி. வெளிநாடுகளுக்கு வந்தபோது ஊசி மட்டும் புகழ் பெற்றது, நெருப்பு பின்தங்கிவிட்டது. ஆனால் பழைய சான்றுகளைப் பார்த்தால் நெருப்புதான் மூத்ததோ என்று தோன்றும். ஹுனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973-இல் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் இருந்தன. அவற்றில் உடம்பில் ஓடும் தடங்களைப் பற்றிப் பேசும் இரண்டு நூல்கள் தடங்களைப் பதினொன்று என்கின்றன. சிகிச்சை என்று சொல்வது சுடுவதை மட்டும்தான். ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சுடுவதற்குப் பயன்படுவது ஒரு செடியின் இலை. சீனத்தில் ‘அய்’ என்பார்கள், தாவரவியலில் ஆர்ட்டிமீசியா பேரினம். நம் ஊர் மரிக்கொழுந்தும் அதே பேரினம்தான். பூக்கடையில் மரிக்கொழுந்தை முகர்ந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்து வாசனை எப்படியிருக்கும் என்று ஓரளவு பிடிபடும். இலையைக் காயவைத்து, வருடக்கணக்கில் கிடங்கில் போட்டுப் பழசாக்கி, இடித்து, நரம்பும் பச்சைத் தூளும் போகச் சலித்தால் பஞ்சு போல ஒன்று மிஞ்சும். அதுதான் மாக்ஸா. ‘ஏழு வருட நோய்க்கு மூன்று வருடப் பழைய அய் தேடுவது போல’ என்று சீனத் தத்துவ ஞானி மென்சியஸ் சொல்லியிருக்கிறார். அரசியலுக்காகச் சொன்ன உவமைதான். ஆனால் பழைய இலைதான் நல்லது என்பது கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்திருந்தால்தான் அந்த உவமை எடுபடும். மாக்ஸா என்ற பெயர் சீனப் பெயரே இல்லை. ஜப்பானியர்கள் ‘மொகுசா’ என்றார்கள், டச்சுக்காரர்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போய் மாக்ஸா ஆனது. பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் இருந்த டச்சுப் பாதிரியார் ஹெர்மன் புஷோஃப் தன் கீல்வாதம் மாக்ஸாவில் அடங்கியது என்று 1674-இல் நூலே எழுதினார்.

அந்தக் காலத்து மாக்ஸா இன்றைக்குப் போல மென்மையானது அல்ல. பஞ்சைச் சிறு கூம்பாக உருட்டித் தோல் மேலேயே வைத்துக் கொளுத்துவார்கள். கொப்பளித்து, சீழ் பிடித்து, தழும்பாகும். சோங் காலத்து ஓவியர் லி தாங் வரைந்தது என்று சொல்லப்படும் ஓவியம் ஒன்று தைபேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிராமத்து மரத்தடியில் வைத்தியர் ஒருவர் நோயாளியின் முதுகில் சுடுகிறார். நோயாளி வாயைப் பிளந்து அலறுகிறார். சுற்றியிருப்பவர்கள் அவரை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். நம் கிராமங்களில் மாட்டுக்கும், சில சமயம் மஞ்சள் காமாலைக்காரருக்கும் சூடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளிலும் ‘சுட்டிகை’ உண்டு.

இப்போது புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சுருட்டு. பஞ்சைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, ஒரு சாண் நீளத்துக்கு, கட்டைவிரல் பருமனில் செய்கிறார்கள். ஒரு முனையைக் கொளுத்தி, கனல் தோலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பார்கள். நடுநடுவே கிட்டே கொண்டுபோய் எடுப்பதற்குச் சீனத்தில் ‘குருவி கொத்துவது’ என்று பெயர். அழகான பெயர்.

ஏன் சுண்டுவிரல்?

பிரீச்சுக்குக் காட்டும் இடம் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரம். பெயர் ஜீயின். சிறுநீர்ப்பைத் தடம் கண்ணின் உள்முனையில் தொடங்கி, தலை மேலேறி, முதுகில் இறங்கி, காலின் பின்பக்கமாக ஓடி முடியும் கடைசிப் புள்ளி இது, வரிசையில் 67-ஆவது. ஜீயின் என்றால் ‘யின்னை அடைதல்’. யின், யாங் என்பவை சீன மரபு சொல்லும் எதிரெதிரான இரு தன்மைகள். யாங் தடம் முடிந்து அடுத்ததாக யின் வகையைச் சேர்ந்த சிறுநீரகத் தடம் தொடங்கும் எல்லை. சீன மருத்துவத்தில் பிள்ளைப்பேறு சிறுநீரகத்தின் பொறுப்பு. எனவே எல்லையில் நெருப்பு வைத்தால் கருப்பைக்குச் சூடு போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு.

இது அண்மையில் யாரோ கட்டிய கதை இல்லை. தாங் காலத்தில், பேரரசி வூவின் அரண்மனையில் இருந்த வைத்தியர் ஜாங் வென்ஜோங் பெயரில் ஒரு குறிப்பு வழங்குகிறது. குறுக்காகக் கிடந்த குழந்தை, கை முதலில் வெளியே வந்துவிட்டது, மந்திரமும் மருந்தும் பலிக்கவில்லை. தாயின் வலது கால் சுண்டுவிரல் நுனியில் கோதுமை மணி அளவு மாக்ஸாவை மூன்று முறை சுட்டார்கள், உடனே பிரசவம் ஆனது என்கிறது குறிப்பு. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆயிரத்து முந்நூறு வருடங்களாக இந்தப் புள்ளிக்கும் குழந்தை கிடக்கும் நிலைக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நான்சாங், 1995

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் இந்த முறையை முன்பே பெரிய அளவில் செய்து பார்த்திருந்தார்கள். வெற்றி விகிதமும் அபாரமாக இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு கிடையாது. பிரீச் குழந்தைகள் விஷயத்தில் எதிர்க்குழு இல்லாத எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது. ஏன் என்று என் சித்தி மகள் கதையே சொல்லும்.

நான் படித்து முடிப்பதற்குள், 35-ஆவது வாரம் அவள் மறுபடி ஸ்கேனுக்குப் போனாள். தலை கீழே இறங்கியிருந்தது. அவள் எதுவும் செய்யவில்லை. மாமியார் மட்டும் சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தார். சுருட்டு சொன்ன நாளில் வந்து சேர்ந்திருந்தால் பெயர் அதற்குப் போயிருக்கும். இப்போது அம்மனுக்குப் போயிற்று. ஏழாம் மாதத்தில் பிட்டம் கீழே இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். நிறைமாதத்தில் பிரீச்சாக மிஞ்சுவது நூற்றுக்கு மூன்று நான்குதான். 33-ஆவது வாரத்தில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் கணிசமான பேருக்கு ‘பலித்திருக்கும்’.

இத்தாலியின் வெரோனாவில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஃபிரான்செஸ்கோ கார்தினிக்கு இது தெரியும். தன் ஊரிலேயே சிறு அளவில் மாக்ஸாவைச் செய்து பார்த்து, அதைப் பற்றி 1993-இல் எழுதியும் இருந்தார். முறையான ஆய்வுக்கு அவர் ஜியாங்சிக்குப் போனார். மாகாணத் தலைநகர் நான்சாங்கின் மகளிர் மருத்துவமனையைச் சேர்ந்த ஹுவாங் வெய்சின் கூட்டாளி. யாங்சி ஆற்றங்கரை நகரமான ஜியுஜியாங்கின் தாய் சேய் மருத்துவமனையும் சேர்ந்துகொண்டது. 1995 ஏப்ரல் முதல் 1996 ஆகஸ்ட் வரை, முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 260 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் 33-ஆவது வாரம், எல்லாருக்கும் ஸ்கேனில் பிரீச் உறுதி. குலுக்கல் போட்டு 130 பேருக்கு மாக்ஸா, 130 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மாக்ஸா ஏழு நாள். அப்படியும் திரும்பாவிட்டால் இன்னொரு ஏழு நாள்.

35-ஆவது வாரத்தில் எண்ணிப் பார்த்தார்கள். மாக்ஸா பக்கம் 98 குழந்தைகளுக்குத் தலை கீழே. மறுபக்கம் 62. நான்கு பேருக்கு மாக்ஸா காட்டினால் ஒரு குழந்தை கூடுதலாகத் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவத்தில் இப்படிப்பட்ட வித்தியாசம் சும்மா கிடைப்பதில்லை.

பிரசவம் வரை தொடர்ந்தபோது வித்தியாசம் சுருங்கியது: 98-க்கு 81. காரணம் உண்டு. எதிர்க்குழுவில் 24 பேருக்கு, வெளியிலிருந்து வயிற்றைப் பிடித்துக் குழந்தையைத் திருப்பும் முறையைச் செய்தார்கள். மாக்ஸா குழுவில் அது ஒரே ஒருவருக்குத்தான் தேவைப்பட்டது.

அந்தக் கட்டுரையில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இன்னோர் எண். ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம், குழந்தை எத்தனை முறை அசைகிறது என்று தாய்மாரை எண்ணச் சொன்னார்கள். மாக்ஸா பக்கம் சராசரி 48.45, மறுபக்கம் 35.35. சூடு காட்டினால் குழந்தை திரும்புவது எப்படி என்ற கேள்விக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. சூடு நேரடியாகக் குழந்தையைப் புரட்டுவதில்லை. குழந்தை அதிகம் உதைக்கிறது, உதைத்துப் புரண்டு தானே திரும்புகிறது. சூடு எந்த வழியாகப் போய் உதையைக் கூட்டுகிறது என்பதற்கு நரம்பு, ஹார்மோன், கருப்பைத் தசை என்று ஊகங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு எதிலும் திருப்தியில்லை. வயிற்றில் உதை எண்ணும் தாய்க்குத் தனக்கு மாக்ஸா உண்டா இல்லையா என்பது தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இந்த ஆய்வில் எதையும் யாரிடமும் மறைக்கவில்லை.

இத்தாலி

சொந்த ஊரில் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அடுத்த படி. இத்தாலியில் ஆறு மகப்பேறு பிரிவுகள், அதே 260 பேர் இலக்கு, அதே முதல் பிரசவம், கிட்டத்தட்ட அதே 32, 33-ஆவது வாரம். ஒரு நிபந்தனை மட்டும் புதிது: சீனப் பெண்கள் இருக்கக் கூடாது. சீனத்தில் பலித்தது சீனர் அல்லாதவர்களுக்கும் பலிக்குமா என்பதுதானே கேள்வி.

123 பேரைச் சேர்த்ததும் நிறுத்திவிட்டார்கள். சிகிச்சையை ஒழுங்காகச் செய்து முடிப்பவர்கள் போதவில்லை. வயிறு இழுத்துப் பிடிக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, குமட்டுகிறது, தொண்டை கரகரக்கிறது என்று நடுவில் விட்டவர்கள் இருந்தார்கள். சேர்ந்தவர்கள் வரை எண்ணினால், மாக்ஸா கிடைத்த 65 பேரில் 22 குழந்தைகள் திரும்பியிருந்தன. கிடைக்காத 58 பேரில் 21.

இதைக் கொண்டு ‘மாக்ஸா பொய்’ என்று கார்தினி குழு எழுதவில்லை. இந்த முடிவு மாக்ஸா பலிக்கும் என்பதற்கும் ஆதரவில்லை, பலிக்காது என்பதற்கும் ஆதரவில்லை. ஒரு பண்பாட்டிலிருந்து எடுத்த வைத்தியத்தை இன்னொன்றில் வைத்துச் சோதிப்பதில் உள்ள சிக்கலைத்தான் காட்டுகிறது என்று எழுதினார்கள். ஏழு வருடங்களுக்கு முன் தனக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவைத் தன் கையாலேயே கேள்விக்குறியாக்குவது எளிதில்லை. அந்த நேர்மைக்காகவே இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

எது மாறியது?

தங்கை என் பேச்சைக் கேட்கவில்லை, ஆர்டர் போட்டிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது. பெட்டி வரும்போது குழந்தை திரும்பிவிட்டது, பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. பத்து சுருட்டு. மேலே 10:1 என்று போட்டிருந்தது, அதாவது பத்துப் பங்கு இலையிலிருந்து ஒரு பங்கு பஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்றைக் கொளுத்தி என் கால் சுண்டுவிரலில் நானே காட்டிப் பார்த்தேன்.

பற்றிக்கொள்ளவே நேரம் எடுத்தது. முனை முழுவதும் கனன்று சிவந்த பிறகு ஊதினால் பொறி பறக்காமல் சீராக எரிகிறது. முதல் இரண்டு நிமிடம் சுகமான வெதுவெதுப்பு. ஐந்தாம் நிமிடத்தில் விரல் சிவந்தது. கை அசந்து சுருட்டு அரை அங்குலம் இறங்கியபோது சுரீர் என்றது. எட்டாம் நிமிடத்தில் தோள் வலி. சாம்பல் நீண்டுகொண்டே போகும். தட்டாவிட்டால் சூடு குறையும், கவனமில்லாமல் தட்டினால் பாதத்தில் விழும். பக்கத்து அறையிலிருந்து அம்மா, “என்னடா, எங்கயோ வைக்கோப்போர் எரியுது?” என்றார். பிறகு எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்தார். மறுநாள் காலையிலும் திரைச்சீலையில் அந்த வாசனை இருந்தது. மாக்ஸா புகையைக் கஞ்சா என்று நினைத்து அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவது மேலை நாட்டு அக்குபங்சர்காரர்கள் வட்டாரத்தில் பழைய நகைச்சுவை. நகைச்சுவை மட்டும் இல்லை போலிருக்கிறது.

வயிறு பெருத்த பெண் தன் சுண்டுவிரலை எட்டிப் பிடிக்க முடியாது. இன்னொருவர் வேண்டும். அவர் ஒரு காலுக்குக் கால் மணி, மறுகாலுக்குக் கால் மணி பிடிக்க வேண்டும். தினமும். ஒரு வாரமோ இரண்டோ.

ஜியாங்சியில் இந்த வாசனையோடுதான் பிறந்து வளர்கிறார்கள். சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்கு வீட்டு வாசலில் அய் கொத்து தொங்கும், நம் வாசலில் வேப்பிலை தொங்குவது போல. வசந்தத்தில் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாளையொட்டி, இளம் அய் இலையை அரைத்துச் சேர்த்த பச்சை நிற அரிசிமாவுக் கொழுக்கட்டை செய்வார்கள். பாட்டி மூட்டுவலிக்கு அதையே கொளுத்தியிருப்பாள். அந்தப் பெண்ணுக்கு மாக்ஸா புகை மருந்தின் மணம். இத்தாலியின் அடுக்குமாடி வீட்டுப் பெண்ணுக்கு அது புகை, அவ்வளவுதான். நமக்குச் சாம்பிராணி போட்டால் வீடு மணக்கிறது. அதே புகைக்கு வேறொரு நாட்டில் தீயணைப்பு வண்டி வரலாம்.

ஆக, ‘இத்தாலியில் மாக்ஸா பலிக்கவில்லை’ என்பதைவிட ‘இத்தாலியில் மாக்ஸாவைச் சரியாகக் காட்ட முடியவில்லை’ என்பது நியாயமாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதோடு நிறுத்துவது சீன எண்ணிக்கைக்கு அதிகச் சலுகை. எதிர்க்குழுக்களைப் பாருங்கள். எதுவும் செய்யாத சீனப் பெண்களில் 48 விழுக்காட்டுக்குக் குழந்தை திரும்பியது, எதுவும் செய்யாத இத்தாலியப் பெண்களில் 36. அதாவது சுருட்டைக் கொளுத்துவதற்கு முன்பே இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. இன்னொன்றும் உண்டு. எந்த நாட்டிலிருந்து வரும் ஆய்வுகள் எப்போதும் வெற்றியாகவே முடிகின்றன என்று 1998-இல் சில ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே வெற்றி! தோற்ற ஆய்வு ஒன்றுகூட அச்சாகாத இடத்திலிருந்து வரும் வெற்றியைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். கார்தினி வெளியாள், பதிப்பித்தது அமெரிக்க இதழ் என்பதால் அவர் ஆய்வுக்குத் தள்ளுபடி குறைவாக இருக்கலாம். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, ஐரோப்பியப் பெண்களுக்கு இது ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. அதே இத்தாலியில், மோதேனாவில், 2004-இல் வந்த ஆய்வு 240 பெண்களை வைத்து நடந்தது. அங்கே ஊசியும் மாக்ஸாவும் சேர்த்து, பயிற்சி பெற்றவரே செய்தார். பிரசவத்தில் தலை முதலில் வந்தது 53.6 விழுக்காடு, எதிர்க்குழுவில் 36.7. ஆள் இத்தாலியர்தான், பிடித்த கைதான் வேறு. ஜெனீவாவில் 212 பெண்களிடம் செய்தார்கள், 18-க்கு 16 என்று ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் அங்கே சேர்த்தது 34 முதல் 36 வாரம் வரை ஆனவர்களை. அந்த நேரத்தில் குழந்தைக்குப் புரள இடமே குறைவு. டென்மார்க்கிலும் பலன் தெரியவில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் நடந்தது. 2013-இல் வெளியானது, 406 பெண்கள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்குச் சுண்டுவிரலில் மாக்ஸா. இன்னொரு குழுவுக்கும் அதே சுருட்டு, அதே சூடு, அதே புகை. ஆனால் காட்டியது கட்டைவிரலில். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சுண்டுவிரல்காரர்களில் 58.1 விழுக்காட்டுக்குத் திரும்பியது, கட்டைவிரல்காரர்களில் 43.4, சும்மா இருந்தவர்களில் 44.8. வெறும் நம்பிக்கையோ, கால் மணி நேரம் காலை நீட்டி ஓய்வெடுத்ததோ, புகை வாசனையோ காரணம் என்றால் கட்டைவிரல் குழுவுக்கும் கொஞ்சமாவது பலன் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தடம், யின், யாங் எதையும் நம்பாத எனக்கு இந்த ஒரு முடிவு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

தலை திரும்பியது, அப்புறம்?

1998-க்கும் 2005-க்கும் இடையில் வேறொரு பெரிய ஆய்வு வந்து ஆட்டத்தையே மாற்றியிருந்தது. 26 நாடுகளில் 2,088 பெண்களை வைத்து நடந்து 2000-இல் வெளியானது அது. நிறைமாதத்தில் பிரீச்சாக இருந்தால் சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்றது: உயிரிழப்பும் கடும் பாதிப்பும் திட்டமிட்ட சிசேரியனில் 1.6 விழுக்காடு, சுகப்பிரசவத்துக்கு முயன்றபோது 5. அதன்பின் பல நாடுகளில் பிரீச் என்றாலே கத்தி என்றாகிவிட்டது. பிரீச் குழந்தையைக் கையால் எடுக்கத் தெரிந்த மருத்துவச்சிகள் அருகிப்போனார்கள். கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று நம் ஊரில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போவார்கள். இனி அந்த மிதிக்கும் ஆள் கிடைக்கமாட்டார். குழந்தையை முன்கூட்டியே எப்படியாவது திருப்பிவிடும் ஆசைக்கு இப்போது கூடுதல் அர்த்தம் வந்துவிட்டது. அதனால்தான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2017 வழிகாட்டுதலில், 33 முதல் 35 வாரத்துக்குள், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில், விரும்பினால் மாக்ஸாவை யோசித்துப் பார்க்கலாம் என்று எழுதியது. ‘விரும்பினால்’, ‘யோசித்துப் பார்க்கலாம்’ என்று இரண்டு முறை பின்வாங்கிக்கொண்டு சொன்னதைக் கவனியுங்கள்.

2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 13 ஆய்வுகளையும், அவற்றிலுள்ள 2,181 பெண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழக்கமான கவனிப்போடு மாக்ஸாவும் சேர்ந்தால், பிரசவத்தில் குழந்தையின் தலை கீழே இல்லாமல் போகும் வாய்ப்பு, இருந்ததில் நூற்றுக்கு 13 பங்கு அளவு குறையக்கூடும் என்கிறது அந்தத் தொகுப்பு. 1998-இன் பெரிய எண்ணுக்கும் 2005-இன் சுழியத்துக்கும் நடுவில், சிறிதாக, ஆனால் சுழியம் அல்லாத ஒன்று. எனக்கு இது நம்பக்கூடிய எண்ணாகப் படுகிறது. ஆனால் அடுத்த வரி வேறு மாதிரி: சிசேரியன் எண்ணிக்கையில் வித்தியாசம் அநேகமாக இல்லை. தாய்மார் மாக்ஸாவைத் தேடுவதே கத்தியைத் தவிர்க்கத்தான். குழந்தை திரும்புவதற்கும் கத்தியைத் தவிர்ப்பதற்கும் இடையில் இன்னும் எத்தனையோ வாசல்கள்.

செய்து பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், நான் மூன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். எத்தனையாவது வாரம்? யார் பிடிக்கப் போகிறார்கள்? காலில் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்திருக்கிறதா? சூடு தெரியாத விரலில் கனல் காட்டினால் கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். இரட்டைக் குழந்தை, ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கருப்பையில் முன்பே அறுவை நடந்திருப்பது என்றால், பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தால், ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரோ மணலோ வைத்துக்கொள்ளுங்கள். அணைந்தது போலத் தெரியும் மாக்ஸா உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நான் அணைத்துவிட்டேன் என்று நினைத்து வாஷ்பேசின் ஓரம் வைத்தது அரை மணி கழித்தும் புகைந்துகொண்டிருந்தது.

மிச்சம் ஒன்பது சுருட்டும் என் அலமாரியில் பழசாகிக்கொண்டிருக்கின்றன. தங்கைக்கு 39-ஆவது வாரம் வலி கண்டது. குழந்தையின் தலை கீழேதான் இருந்தது. பதினெட்டு மணி நேரம் பார்த்தார்கள், கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, கடைசியில் சிசேரியன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.